தன் ஆட்களுக்கு மறுக்கத் தெரிந்தவர்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன், வங்கியில் வேலை. சென்ற மாதம் எங்கள் பெரியப்பாவின் காரியத்துக்கு உறவினர்கள் எல்லாரும் கூடியிருந்தோம். சாப்பாடு முடிந்து இலை எடுத்த பிறகு, பந்தலில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு ஆண்கள் அரசியல் பேசத் தொடங்கினார்கள். "கக்கனைப் போல இன்றைக்கு ஒருவரைக் காட்டு பார்க்கலாம்" என்றார் அப்பா. "அவர் எளிமையாக இருந்ததால் ஊருக்கு என்ன வந்தது? திருடினாலும் நாலு திட்டம் கொண்டுவருகிறவர் போதும்" என்றான் தம்பி. வன்னியர் தலைவர் ராமசாமி படையாட்சியார் காமராஜரோடு சேர்ந்தது துரோகம் என்று ஒரு மாமா சொல்ல, அதனால்தான் நம் சனம் தலைநிமிர்ந்தது என்று இன்னொரு மாமா எழுந்து நின்றுவிட்டார். புதுச்சேரியிலிருந்து வந்திருந்த சம்பந்தி, கடற்கரைச் சாலைக்குக் குபேர் பெயர் இருப்பதே அவமானம் என்றார். அன்றிலிருந்து அப்பாவும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை.

ஒரு தலைவரைக் குணத்தை வைத்து அளப்பதா, அவரால் விளைந்ததை வைத்து அளப்பதா? மறைந்தவர்கள் இருக்கட்டும், இப்போது இருப்பவர்களை எப்படி எடைபோடுவது? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

முதலில் தம்பியை அப்பாவிடம் போய்ப் பேசச் சொல்லுங்கள். கக்கனும் காத்திருப்பார், மற்றவர்களும் காத்திருப்பார்கள்.

உங்கள் அப்பாவும் தம்பியும் எதிரெதிர்க் கட்சி போலத் தெரிகிறார்கள். ஆனால் அடிப்படையில் இருவரும் ஒன்றை ஒப்புக்கொண்டுவிட்டார்கள்: தலைவரின் குணம் என்றால் அவர் உடுத்தியதும் உண்டதும் வைத்துப்போன சொத்தும்தான் என்று. அதை ஒருவர் போற்றுகிறார், மற்றவர் அதனால் பயனில்லை என்கிறார். நம் ஊரில் தலைவர்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது.

கக்கனின் நேர்மையில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. பத்தாண்டுகள் அமைச்சராக இருந்த மனிதர் மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண வார்டில் கிடந்ததும், வேறொருவரைப் பார்க்க வந்த எம்.ஜி.ஆர். அவரைக் கண்டு கலங்கியதும் ஊரறிந்த செய்தி. அவரால் என்ன வந்தது என்ற உங்கள் தம்பியின் கேள்விக்கும் விடை உண்டு. பொதுப்பணித்துறை அவரிடம் இருந்த காலத்தில்தான், 1959இல், வைகை அணை திறக்கப்பட்டது. ஆனால் 1965இல் உள்துறை அமைச்சராக இருந்தவரும் அதே கக்கன்தான். அந்த ஆண்டு ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில், இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் வந்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள்மீது போலீஸ் சுட்டது. ராசேந்திரன் என்ற மாணவர் உயிரிழந்தார். அவருடைய சிலை பல்கலைக்கழக வாசலில் நிற்கிறது. கடலூரிலிருந்து பஸ் பிடித்தால் போய்ப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். கக்கனின் கதர் வேட்டியைப் பற்றி ஓயாமல் கதை சொல்லும் நாம், அந்தச் சிலைக்கும் அவருக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவருடைய நேர்மையால் அந்தச் சாவு அழிந்துபோகாது. அந்தச் சாவால் நேர்மையும் பொய்யாகிவிடாது. இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ள முடியாதவர்கள் தலைவர்களைப் பற்றிப் பேசவே கூடாது என்பேன்.

ஆட்சியில் இருந்தவரின் குணத்தை நான் வேறொரு இடத்தில் தேடுகிறேன். தனக்காக உழைத்தவன், தன்னைத் தோளில் சுமந்தவன், தன் சாதிக்காரன், தன் கட்சிக்காரன் வந்து தகாத காரியம் ஒன்றைக் கேட்கும்போது முகத்துக்கு நேரே மறுக்கிறாரா? எதிரிக்கு மறுப்பது யாருக்கும் எளிது, கைதட்டலும் கிடைக்கும். தன் ஆட்களுக்கு மறுத்தால் நாற்காலி ஆடும். அப்போதும் மறுக்கிறவரிடம்தான் குணம் இருக்கிறது.

இதற்கு நம் பக்கத்து மனிதர் ஒருவரே உதாரணம். உங்கள் பந்தலில் அவர் பெயர் வரவில்லை, எனக்கு வருத்தம்தான். திண்டிவனத்துப் பக்கம் ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார். 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். முதலமைச்சரை அன்று அப்படித்தான் சொன்னார்கள். பதவியில் இருந்தது இரண்டு ஆண்டுகளும் சில நாட்களும் மட்டுமே. அதற்குள் நடந்ததைப் பாருங்கள். தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டமும் கோயில் நுழைவுச் சட்டமும் 1947இல் வந்தன. மறு ஆண்டு ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் வந்தது. அவரோ நிலவுடைமைச் சமூகத்தில் பிறந்தவர், பக்தர், காங்கிரஸ்காரர். இந்தச் சட்டங்களால் முகம் சுளித்தவர்கள் எதிர்க்கட்சியில் உட்கார்ந்திருக்கவில்லை. கோயில் நிர்வாகத்திலும் பண்ணை வீடுகளிலும் காங்கிரஸ் கமிட்டிகளிலும் இருந்தார்கள். எல்லாரும் அவர் உறவு வட்டம்.

அரசு வேலைகளுக்கான வகுப்புவாரி ஆணையையும் 1947இல் அவருடைய அரசு திருத்தியது. பதினான்கு இடங்களில் 2 இடங்கள் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கென்று முதன்முறையாகத் தனியே ஒதுக்கப்பட்டன. அதுவரை பிராமணரல்லாத இந்துக்கள் என்ற பொதுப் பிரிவுக்குள் முன்னேறிய சாதிகளோடு போட்டி போட்டுத் தோற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய திறப்பு. 'நம் சனம் தலைநிமிர்ந்தது' என்று எழுந்து நின்ற மாமாவிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். அந்தப் பிரிவில் சேராத சாதியில் பிறந்த ஒருவர் செய்த காரியம் இது. பெரியாரோடு ஒப்பிட்டு, 'தாடியில்லாத ராமசாமி' என்று அவரைப் பழித்தார்கள்.

சட்டங்களைவிடவும் கட்சிக்காரர்களை அதிகம் எரிச்சலூட்டியது, அவர் சிபாரிசுக்கு வளையாததுதான். பெர்மிட், லைசென்ஸ், மாறுதல், பதவி என்று வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அவர்களெல்லாம் சிறைக்குப் போனவர்கள், தடியடி பட்டவர்கள்; சுதந்திரம் வந்துவிட்டது, இனி நமக்கு என்ன என்று எதிர்பார்த்ததில் வியப்பில்லை. அவர்களிடம் இல்லை என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கடைசியில் 1949 ஏப்ரலில் பதவி போனது. அவரைத் தோற்கடித்தது எதிர்க்கட்சியில்லை, சொந்தக் கட்சி. அதன்பின் வடலூருக்குப் போய், வள்ளலார் வழியில் சுத்த சன்மார்க்க நிலையம் அமைத்து, ஆதரவற்ற பிள்ளைகளுக்கு விடுதியும் பள்ளியும் நடத்தினார். 1970இல் மறைந்தார்.

இவரைத் தெய்வமாக்கி உங்கள் கையில் கொடுக்கவும் எனக்கு விருப்பமில்லை. அவர் ஆட்சியில்தான் 1948இல் பள்ளிகளில் இந்தி மீண்டும் நுழைந்தது, பெரியாரின் கருஞ்சட்டைப் படை தடைசெய்யப்பட்டது, கம்யூனிஸ்டுகள் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். தன் ஆட்களுக்கு மறுத்த அதே உறுதி எதிரிகள்மீது திரும்பியபோது கொடுமையாக இருந்தது. இதையும் சொல்லாமல் அவரைப் புகழ்ந்தால் நானும் பந்தல் பேச்சுத்தான் பேசுகிறேன்.

படையாட்சியாருக்கு வருகிறேன். 1951இல் உழைப்பாளர் கட்சி. 1952 தேர்தலில் 19 இடங்கள். 375 பேர் கொண்ட அவையில் காங்கிரசுக்குக் கிடைத்ததே 152தான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பத்தொன்பதின் கனம் தெரியும். மாணிக்கவேல் நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்களோடு அப்போதே ராஜாஜி அமைச்சரவையில் சேர்ந்துவிட்டது. படையாட்சியார் 1954இல் காமராஜர் வந்த பிறகு முப்பத்தைந்து வயதில் அமைச்சரானார், பிறகு கட்சியும் கலைந்தது. இதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதுவரை அதிகாரத்தின் வாசலுக்கு வெளியே நின்ற உழவர்கள் தங்கள் தலையெண்ணிக்கையைக் காட்டி உள்ளே இடம் கேட்க முடியும் என்று வட தமிழகத்துக்கு முதலில் காட்டியவர்களில் அவர் ஒருவர். அந்தப் பாடத்தின் நல்ல பக்கமும் கெட்ட பக்கமும் இன்று வரை எல்லாத் தேர்தலிலும் நம் மாவட்டத்தில் தெரிகிறது. கட்சியைக் கலைத்ததுதான் எனக்குக் குறை. உள்ளே போனவர் வெளியே ஒரு காவலை நிறுத்திவிட்டுப் போயிருக்க வேண்டும்.

இனி குபேர். சம்பந்தியின் கோபம் புரிகிறது. புதுச்சேரியில் இதைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். எதுவார் குபேர் பிரெஞ்சு ஆட்சியின் செல்லப்பிள்ளை, பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினர். இந்தியாவோடு இணைப்பு கேட்டவர்கள் அடிவாங்கிய காலத்தில் அவர் ஆட்சியாளர் பக்கம் இருந்தார். 1954 மார்ச்சில் திடீரென்று இந்தியாவின் பக்கம் திரும்பி நெட்டப்பாக்கத்துக்குப் போனார். நிதி முறைகேடு பற்றிய விசாரணை தன்னை நெருங்கியதால்தான் திரும்பினார் என்று எழுதியவர்கள் உண்டு. காரணம் எதுவாகவும் இருக்கட்டும், அவர் திரும்பியதும் பிரெஞ்சு ஆட்சியின் கால் முறிந்தது. அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள், 170 பேர் இணைப்புக்கு. நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1963இல் அவரே முதல் முதலமைச்சர். குணத்தில் நான் அவருக்கு மதிப்பெண் போட மாட்டேன். ஆனால் அவர் இல்லாமல் இந்த வரலாற்றை எழுத முடியாது. தாக்கத்துக்கு நல்ல குணம்தான் வேண்டும் என்று விதி ஏதுமில்லை. சாலைப் பெயரை மாற்றவும் வேண்டாம். அந்தச் சாலையில் நடக்கிற பிள்ளைகளுக்கு முழுக் கதையையும் சொன்னால் போதும்.

முழுக் கதை என்றால் வ. சுப்பையாவைச் சொல்ல வேண்டும். நீங்கள் கடலூரிலிருந்து பஸ்ஸில் புதுச்சேரிக்குள் நுழையும்போது, முதலியார்பேட்டையில் ரோடியர் மில்லின் நீண்ட மதில் சுவர் கூடவே வரும். இப்போது அங்கே தறி ஓடவில்லை. என் தெருவில் இருந்த பழைய மில் தொழிலாளி ஒருவர், அவருடைய அப்பா சொன்னதைச் சொல்வார்: விளக்கு வைத்துக்கொண்டு வேலைக்குப் போய், விளக்கு வைத்த பிறகு வீடு திரும்பிய காலம் அது, பிள்ளையின் முகத்தைப் பகலில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அந்தத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியவர் சுப்பையா. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள்.

நான் மேலே சொன்ன அளவுகோல் ஆட்சியில் இருந்தவர்களுக்கானது. போராட்டத்தை நடத்தியவரிடம் வேறு கேள்வி கேட்க வேண்டும்: தன் பேச்சைக் கேட்டு வந்தவன் குண்டடிபட்ட பிறகு தலைவர் என்ன செய்தார்? சுப்பையா நேருவின் ஆலோசனையோடு பாரிஸ் வரைக்கும் போனார். 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. ஆசியாவிலேயே இதுதான் முதல் என்று இங்கே பெருமையோடு சொல்வார்கள். பிறகு நாடுகடத்தப்பட்டார், 1950இல் அவர் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். 1969இல் புதுச்சேரி முதலமைச்சர் ஃபாரூக்கின் அமைச்சரவையில் இருந்தார். கடற்கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்கிற எத்தனை பேருக்கு ஜூலை 30 தெரியும்?

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. உங்கள் பந்தலில் ஒரு பெண்ணின் பெயர்கூட வரவில்லை. மஞ்சக்குப்பத்துக்குப் பக்கத்தில், முதுநகரில் பிறந்தவர் அஞ்சலையம்மாள். 1857 எழுச்சியைக் கொடூரமாக அடக்கிய ஆங்கிலேயத் தளபதி நீலனின் சிலையைச் சென்னையிலிருந்து அகற்றும் போராட்டத்துக்குத் தன் மகளையும் அழைத்துக்கொண்டு போய்ச் சிறை சென்றவர். கர்ப்பிணியாக வேலூர் சிறைக்குப் போய், பிரசவத்துக்கு வெளியே வந்து, கைக்குழந்தையோடு மறுபடி சிறைக்குத் திரும்பியவர். 1937லும் 1946லும் சட்டமன்ற உறுப்பினர். அடுத்த முறை ஆண்கள் நாற்காலி போடும்போது நீங்களும் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து இவரைப் பற்றிப் பேசுங்கள்.

இப்போது இருப்பவர்கள். அவர்களுடைய தாக்கத்தை அளக்க அவசரப்பட வேண்டாம், அதற்குக் காலம் பிடிக்கும். குணத்தை அளக்கக் காத்திருக்கத் தேவையில்லை. தம்பி சொன்ன 'திருடினாலும் திட்டம்' என்ற வாதத்தை நான் முழு மூச்சோடு மறுக்கிறேன். திருடுகிறவர் திட்டத்தின் மேல் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஒழுங்காகச் செய்வதில்லை. எந்தத் திட்டம் வர வேண்டும் என்பதையே அந்தத் திருட்டுத்தான் முடிவு செய்கிறது. தூர்வார வேண்டிய வாய்க்கால் கிடக்க, கமிஷன் அதிகம் தேறுகிற கட்டடம் எழும்புகிறது. 2015 மழையில் கடலூர் எப்படித் தண்ணீரில் நின்றது என்று தம்பிக்கு நினைவிருக்கும். நீர் போகிற வழியை அடைத்தவன் வேற்றூர்க்காரன் இல்லை. எல்லாக் கட்சியிலும் அவனுக்கு ஆள் இருக்கிறது. அவனிடம் மறுக்க ஆளில்லாததால்தான் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது.

ஆகவே தம்பியிடம் ஒன்று கேளுங்கள். அவன் ஆதரிக்கிற தலைவர் தன் கட்சிக்காரருக்கு, மணலிலோ டெண்டரிலோ வேலை நியமனத்திலோ, மறுத்த காரியம் ஒன்றைச் சொல்லட்டும். அப்பாவிடமும் அதையே கேளுங்கள். காமராஜர், அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர். எவரானாலும் இந்தக் கேள்வியிலிருந்து விலக்கில்லை. எனக்குப் பிடித்தவர்களுக்கும் விலக்கில்லை. சென்னைக்கும் டெல்லிக்கும் போகும் முன் உங்கள் வார்டு கவுன்சிலரிடமிருந்து தொடங்கலாம். கால்வாய்மீது தன் கட்சிக்காரர் கட்டிய கடையை, அவர் யாரென்று தெரிந்தும் எடுக்கச் சொன்னாரா என்று விசாரியுங்கள். சொல்லியிருந்தால் அவர் பெயரை எனக்கு எழுதுங்கள், இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து