“மனசே ஓட மாட்டேங்குது சார்” – கேள்வி பதில்

தஞ்சை மாவட்டத்தின் தென்னந்தோப்புப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் துக்கம், பணக்கஷ்டம், தோல்வி என்று ஏதோ ஒன்றின் நடுவே படிப்பவர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். உற்சாக உரை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும்.

அப்பா இறந்து மூன்று மாதம் ஆகிறது சார். ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். “அப்பாவுக்காகப் படி” என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதைக் கேட்டாலே அழுகை வருகிறது. (பிளஸ் டூ மாணவி)

நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள் அம்மா. ஆனாலும் பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் இறந்தவரின் ஆசையையும் சேர்த்து ஏற்றும் பேச்சு அது. இப்போதைக்கு நீ யாருக்காகவும் படிக்க வேண்டாம். நாளைக்கு வகுப்பில் எதை நடத்துவார்களோ அதை மட்டும் பார்.

2018 நவம்பர் 16, விடிவதற்குள் கஜா புயல் எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. நெல் போனால் அடுத்த போகம் பார்க்கலாம். தென்னை சாய்ந்தால் வைத்த கன்று காய்க்கவே வருஷக்கணக்கில் ஆகும். வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பள்ளி திறந்ததும் பிளஸ் டூ பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள், பாதிப் பேருக்கு வீட்டுக் கூரை கிடையாது. நான் வழக்கம்போலச் சமன்பாடு வருவிக்க ஆரம்பித்தேன். ஒரு முகத்திலும் உயிர் இல்லை. சரி என்று சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, வான் டி கிராஃப் மின்னியற்றியின் படத்தை வரைந்து பாகம் குறிக்கச் சொன்னேன். அடுத்த நாள் இன்னொரு படம். நாலைந்து நாள் இப்படியே போனது. அப்புறம் பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண், “கூர்முனை வழியாக மட்டும் ஏன் சார் மின்னூட்டம் கசிகிறது?” என்று கேட்டாள். புயலுக்குப் பிறகு அந்த வகுப்பில் எழுந்த முதல் கேள்வி அது.

அதனால் உனக்கும் முதலில் கைவேலைதான். படம், வேதிச் சமன்பாடு, ஒரு மதிப்பெண் வினா, இப்படி எழுதும் வேலையாக இருபது நிமிடம். அழுகை வந்தால் அழுதுவிட்டு வா, விட்ட இடத்தில் ஒரு கோடு போட்டு வை. வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லிவிடு, வகுப்பில் திடீரென்று எழுப்பிக் கேள்வி கேட்க மாட்டார்.

இன்னொன்று. நீ படிப்பது அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ என்றால், குடும்பத்துக்குச் சம்பாதித்த அப்பாவோ அம்மாவோ விபத்தில் இறந்தால் பிள்ளைக்கு 75,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அப்பா இறந்தது விபத்தில் என்றால் தலைமையாசிரியர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். துக்க வீட்டில் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள். நீயே கேள்.

மோட்டிவேஷன் வீடியோ பார்த்தால் ஒரு மணி நேரம் வேகமாக இருக்கிறது, அப்புறம் போய்விடுகிறது. என்ன செய்வது? (பிளஸ் ஒன் மாணவர்)

அந்த ஒரு மணி நேரமும் அடுத்த வீடியோ பார்ப்பதில்தானே போகிறது தம்பி?

இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. ஏழு அரியர். வீட்டுக்குத் தெரியாது. எங்கே தொடங்குவது என்று யோசித்தே நாள் போகிறது.

ஏழு என்ற எண்ணை விடு. ஒரு தாளில் ஏழு பாடத்தையும் எழுதி, பக்கத்தில் இன்டர்னல் மதிப்பெண்ணைப் போடு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் படிக்கிறாய் என்றால், எழுத்துப் பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60 (தாள் 100க்கு, அதை 60க்குச் சுருக்குவார்கள்). மொத்தம் 50 வேண்டும், செமஸ்டர் தேர்வில் குறைந்தது 45 சதவீதமும் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்: இன்டர்னலில் 23 வைத்திருந்தால் தேர்வில் 100க்கு 45 எடுத்தால் பாஸ். இன்டர்னல் 15தான் என்றால் 59 எடுக்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி அரியர்தான் என்று நீ நினைக்கும் பாடங்களுக்குள் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

இன்டர்னல் நன்றாக உள்ள இரண்டு பாடத்தை முதலில் எடு. எல்லோரும் பயமுறுத்தும் கணக்குத் தாளில் ஆரம்பித்து, அதிலேயே மறுபடி விழுந்து, மற்றதையும் எழுதாமல் விட்ட பையன்களைப் பார்த்திருக்கிறேன். பழைய வினாத்தாள் ஐந்தாறு வாங்கி, திரும்பத் திரும்ப வரும் கேள்வியைக் குறித்துக்கொள். யோசனை கேட்பதானால் டாப்பரிடம் போகாதே, அரியர் வைத்து க்ளியர் செய்த சீனியரிடம் கேள். அவனுக்குத்தான் வழி தெரியும்.

வீட்டில் எப்போது சொல்வது? இரண்டை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று தோன்றும். என் அபிப்பிராயம், இந்த வாரமே சொல். திட்டு ஒரு நாளோடு போகும். மறைத்து வைத்திருப்பதுதான் தினமும் உன் நேரத்தைத் தின்கிறது.

மூன்று முறை ரிவிஷன் செய்தும் தேர்வில் மறந்துவிடுகிறது. அதனாலேயே ஆர்வம் போய்விட்டது.

ரிவிஷன் என்று நீங்கள் சொல்வது அதே பக்கத்தைத் திரும்ப வாசிப்பதாக இருந்தால், பயன் குறைவுதான். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஒரு பாடப்பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஒரு பக்கம். வாசித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் வாசித்தவர்களே முன்னால். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் எழுதிப் பார்த்தவர்கள் தாண்டிவிட்டார்கள். பொதுத்தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். தாளைப் பார்த்ததும் வராது. உடனே “எனக்குப் படிப்பு வராது” என்று முடிவு கட்டிவிடுகிறோம். புத்தகத்தை மூடி எழுதிப் பாருங்கள். எரிச்சலாகத்தான் இருக்கும், பாதி வராது. வராத பாதியை மட்டும் திறந்து பாருங்கள்.

மாலையில் துணிக்கடை வேலை, வீடு திரும்ப இரவு 10 மணி. கல்லூரி முதலாண்டு. நின்றுவிடலாமா என்று தோன்றுகிறது. (மாணவி)

இரவு 10க்கு மேல் படிக்க முயன்று தூங்கிப்போய், அதற்காக உன்னையே திட்டிக்கொள்கிறாய் என்று நினைக்கிறேன். நாளெல்லாம் நின்ற கால், அது தூங்கத்தான் செய்யும். இரவுப் படிப்பை விட்டுவிடு. பேருந்தில் ஒரு மதிப்பெண் வினா, காலையில் முக்கால் மணி நேரம், விடுமுறை நாளில் மூன்று மணி நேரம். எல்லாப் பாடத்திலும் முதல் வகுப்பு வேண்டாம், சிலவற்றில் பாஸ் போதும். இதைச் சொல்ல ஆசிரியர்களுக்கு வாய் வராது, நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதா? 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024இல் வந்தது. வரவில்லை என்றால் கல்லூரி அலுவலகத்தில் கேள். அந்தப் பணத்துக்கு வாரத்தில் ஒரு நாளாவது வேலையைக் குறைக்க முடிந்தால் குறை.

நீட் மூன்றாவது முறை எழுதலாமா?

மாதிரித் தேர்வு மதிப்பெண்களை மாதவாரியாக எழுதிப் பாருங்கள். ஏறிக்கொண்டே இருந்தால் எழுதலாம். ஆறு மாதமாக ஒரே இடத்தில் நின்றால், அதே முறையில் இன்னொரு வருடம் உட்காருவதில் அர்த்தமில்லை. அரசுப் பள்ளி மாணவர் என்றால் 2020 சட்டப்படி மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, அதன் கட்ஆஃப் வேறு. பொதுப் பட்டியலைப் பார்த்து மனம் உடையாதீர்கள். எப்படியானாலும் நர்சிங், பி.பார்ம், வேளாண்மை என்று ஒரு பக்கம் விண்ணப்பம் போட்டு வையுங்கள்.

படிப்பு மட்டுமில்லை சார், இருந்து என்ன பயன் என்றே சில நாள் தோன்றுகிறது.

மேலே சொன்ன எதுவும் உனக்கு இப்போது வேண்டாம் தம்பி. 14416க்கு அழை. டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், பகல் இரவு எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. இன்று ராத்திரி தனியாகப் படுக்காதே. வீட்டில் ஒருவரிடம், முடியாவிட்டால் நண்பனிடமாவது, இதே வார்த்தையில் சொல். தேர்வை அடுத்த முறையும் எழுதலாம். பேசிவிட்டு இங்கே எனக்கு ஒரு வரி எழுது, காத்திருப்பேன்.

மகன் பத்தாம் வகுப்பில் தோற்றுவிட்டான். அறையை விட்டு வெளியே வருவதில்லை. நான் என்ன சொல்வது? (ஒரு தாய்)

துணைத்தேர்வு இருக்கிறது, அதில் தேறினால் இந்த வருடமே பிளஸ் ஒன் சேரலாம். கடைசி நாளைப் பள்ளியில் விசாரித்து, விண்ணப்பத்தை அவனோடு சேர்ந்து போய்ப் போட்டுவிட்டு வாருங்கள். போகும் வழியில் பக்கத்து வீட்டுப் பையன் எடுத்த மார்க்கைப் பற்றிப் பேசாதீர்கள். திரும்பும்போது பரோட்டா வாங்கிக் கொடுங்கள்.