கணக்குப் படிக்காத பிள்ளைக்குப் பேரியல் பொருளியல் வருமா?

கேள்வி: என் மகள் பாளையங்கோட்டையில் பி.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பில் தமிழ்வழி. கணக்குப் பாடம் இல்லாத பிரிவு. பேரியல் பொருளியல் தாளில் ஐ.எஸ்.-எல்.எம். என்ற பகுதி தலைகால் புரியவில்லை, அரியர் விழுந்துவிடும் என்று அழுகிறாள். ஜங்ஷன் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் பன்னிரண்டாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். தேர்ச்சிக்கு உத்தரவாதம் என்கிறார்கள். சேர்த்துவிடலாமா?
— மளிகைக் கடைக்காரர், கல்லிடைக்குறிச்சி

பதில்: சேர்க்க வேண்டாம், அண்ணாச்சி. பேரியல் என்றால் ஒரு நாட்டின் மொத்த வருமானம், முதலீடு, வட்டி, பணம் இவற்றின் பாடம். அதில் ஐ.எஸ்.-எல்.எம். பகுதிக்குத் தேவையான கணக்கு, பத்தாம் வகுப்பில் உங்கள் மகள் தேறிய கணக்குத்தான். ஒரு சமன்பாட்டிலிருந்து ஒரு விடையைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும், இரண்டு புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு போடத் தெரிய வேண்டும். அதற்கு மேல் இந்தத் தாளில் கேட்க மாட்டார்கள்.

பிள்ளை அழுவதற்குக் காரணம் வேறு. கரும்பலகையில் இரண்டு கோடுகளை (ஐ.எஸ். பொருள் சந்தையின் கோடு, எல்.எம். பணச் சந்தையின் கோடு) முதலில் போட்டுவிட்டு, அவை எங்கிருந்து வந்தன என்று சொல்லாமலே அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். கெளரவ விரிவுரையாளரை அரைகுறைச் சம்பளத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பருவத்துக்குள் ஐந்து அலகுகளையும் முடி என்றால் அவர்தான் என்ன செய்வார்? படம் போடுவார், போவார்.

மகளிடம் இதைச் சொல்லுங்கள்: படத்தை மூடிவைத்துவிட்டு எண்ணை எடுக்கட்டும். அரசு, ஏற்றுமதி, இறக்குமதி எதுவும் இல்லாத ஒரு சின்ன நாடு. மக்களின் நுகர்வு 100, அதோடு வருமானத்தில் 0.8 பங்கு. முதலீடு 200. நுகர்வும் முதலீடும் சேர்ந்ததுதான் வருமானம் என்றால், வருமானம் 1,500. முதலீடு 50 கூடினால் வருமானம் 50 கூடுவதில்லை, 250 கூடுகிறது. ஏன் என்பது உங்கள் கடைக்கே தெரியும். பீடிக் கூலி வாங்கியவர் உங்களிடம் அரிசி வாங்குகிறார். அந்தப் பணத்தில் நீங்கள் வண்டிக்காரருக்குக் கொடுக்கிறீர்கள். அவர் டீக்கடைக்குக் கொடுக்கிறார். 50, 40, 32 என்று குறைந்துகொண்டே போகும் தொகைகளைக் கூட்டினால் 250. போட்டதைப் போல ஐந்து மடங்கு. பெருக்கி என்பது இவ்வளவுதான். ஆங்கிலேயப் பொருளியலறிஞர் கெயின்ஸ் 1936-இல் எழுதிய நூலின் நடுநாயகமான கணக்கு இது.

இப்போது முதலீட்டை வட்டியோடு கட்டிவிடட்டும். முதலீடு என்பது 300-இல் வட்டியின் 20 மடங்கைக் கழித்தது என்று வைத்துக்கொண்டால், வட்டி 5 சதவீதத்தில் முதலீடு 200, வருமானம் 1,500. வட்டி 10 என்றால் முதலீடு 100, வருமானம் 1,000. இரண்டு புள்ளிகள் கிடைத்துவிட்டன. சேர்த்தால் ஐ.எஸ். கோடு. பணத்தின் பக்கமும் அப்படியே. மக்கள் கையில் வைத்திருக்க விரும்பும் பணம், வருமானத்தில் பாதியிலிருந்து வட்டியின் 50 மடங்கைக் கழித்தது. நாட்டில் இருக்கும் பணம் 500. வட்டி 5-இல் வருமானம் 1,500; வட்டி 10-இல் 2,000. இது எல்.எம். கோடு. இரண்டும் வெட்டுமிடம் 1,500, 5 சதவீதம். இன்னொரு ஆங்கிலேயப் பொருளியலறிஞர் ஹிக்ஸ் 1937-இல் வரைந்து காட்டிய படம் இதுதான்.

இந்த இடத்தில் ஒரு கூடுதல் கணக்கு போட்டுப் பார்த்தால், பத்து மதிப்பெண் கேள்வி ஒன்று தானாக வந்துவிடும். அரசு உள்ளே வந்து 20 செலவு செய்கிறது. பெருக்கி 5 என்பதால் வருமானம் 1,600 ஆக வேண்டும். ஆகாது. வருமானம் ஏறும்போது மக்களுக்குப் பணம் கூடுதலாகத் தேவை, நாட்டில் இருப்பதோ அதே 500. அதனால் வட்டி 5.5-க்கு ஏறி, தனியார் முதலீட்டில் 10-ஐத் தின்றுவிடுகிறது. வருமானம் 1,550-லேயே நின்றுவிடுகிறது. இதை ஒரு முறை தன் கையால் போட்டவளுக்கு விளக்கம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

பிள்ளைகள் மதிப்பெண்ணைத் தொலைக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, வட்டி குறைந்தால் ஐ.எஸ். கோடு இடம்பெயர்கிறது என்று எழுதுவது. வட்டி படத்தின் அச்சிலேயே இருக்கிறது. அது மாறினால் கோட்டின் மேல் நகர்வோம், கோடு நகராது. கடைகளில் விற்கும் கைடுகளிலேயே இதைத் தப்பாக அச்சடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, முதலீடு என்றால் என்ன என்பது. வள்ளியூர்ப் பக்கம் நீங்கள் ஒரு மனை வாங்கினால் வீட்டில் அதை முதலீடு என்பீர்கள். பொருளியலில் அது முதலீடு இல்லை. ஏற்கெனவே இருந்த நிலம் கை மாறியது, அவ்வளவுதான். பங்கு வாங்குவதும் அப்படியே. மனை கை மாறியதில் புதிதாக வருமானம் பார்த்தவர் நிலத் தரகர் ஒருவரே. அவருடைய கமிஷன் சேவை என்ற பெயரில் நாட்டு வருமானத்தில் சேர்கிறது. எங்கே போனாலும் தரகர்தான் முதலில் சேர்கிறார். அந்த மனையில் புது வீடு கட்டினால் அது முதலீடு.

தங்கம் மட்டும் தனிக்கதை. நம் ஊரில் எல்லாரும் வாங்குவதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியாவின் தேசியக் கணக்கில் தங்கம் 'மதிப்புமிகு பொருட்கள்' என்ற தலைப்பில், மூலதன ஆக்கத்துக்குள்ளேயே வருகிறது. ஆக மகள் திருமணத்துக்கு வாங்கும் சங்கிலி முதலீட்டுப் பக்கம் ஏறுகிறது. ஆனால் நாம் வாங்கும் தங்கத்தில் பெரும்பகுதி இறக்குமதி. அதே தொகை இறக்குமதி என்ற பெயரில் கழிக்கப்படுகிறது. ஏறியதும் கழிந்ததும் சரிக்குச் சரி. மிஞ்சுவது ஆசாரியின் செய்கூலியும் கடைக்காரரின் லாபமும். பழைய சங்கிலியை அடுத்தவரிடம் வாங்கினால் செய்கூலியும் கிடையாது. இத்தனையும் தெரிந்துகொண்டு, தேர்வில் ஐ.எஸ். கோட்டை விளக்கும்போது தங்கத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம். திருத்துபவர் கையில் இருக்கும் விடைக்குறிப்பில் அது இருக்காது. குழம்பிப்போய் மதிப்பெண்ணைக் குறைப்பார்.

எல்.எம். கோட்டுக்காக நாட்டில் இருக்கும் பணம் 500 என்று நிறுத்திவைத்தோம். ஆனால் ரிசர்வ் வங்கி இப்போது பணத்தின் அளவைப் பிடித்து நிறுத்துவதில்லை, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான ரெப்போ வட்டியைத்தான் அறிவிக்கிறது. 2016 முதல் பணவீக்கத்தை 4 சதவீதத்தை ஒட்டி வைப்பது அதன் பொறுப்பு. பாடத்திட்டம் இன்னும் இங்கே வந்து சேரவில்லை. அதுவரை பழைய எல்.எம். கோட்டையே எழுதட்டும்.

பயிற்சி மையத்துக்கு வருகிறேன். தேர்ச்சிக்கு உத்தரவாதம் தர யாராலும் முடியாது. தேர்வு நடத்துவது பல்கலைக்கழகம், தன்னாட்சிக் கல்லூரி என்றால் கல்லூரி; ஜங்ஷன் மாடிப்படி இல்லை. பழைய வினாத்தாள்களைச் சேர்த்து, 'முக்கிய வினா' என்று சுருள்கம்பி போட்டுக் கொடுப்பார்கள். அந்த வினாத்தாள்கள் சீனியர் மாணவிகளிடம் சும்மா கிடைக்கும். இதைவிட மோசமானவர் தேர்வு முடிந்த பிறகு வருவார்: "மறுமதிப்பீட்டில் நமக்கு ஆள் இருக்கிறது" என்பார். அவரைக் கடைப்படியில் ஏற்றாதீர்கள். மறுமதிப்பீட்டுக்கான விண்ணப்பமும் கட்டணமும் முறைப்படி தேர்வு நடத்தும் இடத்துக்குப் போக வேண்டியவை. நடுவில் ஒருவர் பையில் போக வேண்டிய அவசியமே இல்லை.

பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் அரசுப் பாடநூல் வீட்டில் இருந்தால் தேடி எடுக்கச் சொல்லுங்கள். நுகர்வு, முதலீடு, பெருக்கி எல்லாம் அதில் தமிழிலேயே இருக்கின்றன. அதை முடித்துவிட்டு மேலே சொன்ன எண்களைப் போட்டுப் பார்க்கட்டும். நின்றுபோகும் இடத்தைத் தாளில் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் போகட்டும். "புரியவில்லை" என்றால் ஆசிரியர் பாடம் முழுவதையும் திரும்ப ஒப்பிப்பார். "இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது" என்று கேட்டால் அதற்கு மட்டும் பதில் சொல்வார்.

ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால் ரசீது கேளுங்கள். மதிப்பெண் சான்றிதழின் அசலை அங்கே கொடுத்திருந்தால் நாளைக் காலையிலேயே போய் வாங்கிவிடுங்கள். பணம் திரும்பி வருவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.