ட்ரம்பெட் எங்கே?

கே: ஸ்கா-பங்க் என்றால் ட்ரம்பெட் ஊதிக்கொண்டு குதிக்கிற கும்பல்தானே? ‘ஆபரேஷன் ஐவி’ குழுவை நீங்கள் விடாமல் தூக்கிப் பிடிக்கிறீர்கள். இரண்டே வருடத்தில் கடையை மூடிவிட்டுப் போனவர்கள் அப்படி என்னதான் சாதித்தார்கள்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், சேலம்

ப: பெயர் வேண்டாம் என்றது புத்திசாலித்தனம். ஸ்கா என்பது ஜமைக்காவில் பிறந்த துள்ளல் இசை; அதை வேகமும் முரட்டுத்தனமுமான பங்க் ராக்கோடு கலந்தால் ஸ்கா-பங்க். ஆபரேஷன் ஐவியில் ட்ரம்பெட்டே கிடையாது ஐயா. ஒரு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ், ஒரு தொண்டை, அவ்வளவுதான். 1989-ல் வந்த ‘எனர்ஜி’ ஆல்பத்தில் 19 பாட்டு. அதில் ‘பேட் டவுன்’ என்ற ஒரே பாட்டில் விருந்தாளியாக ஒருவர் சாக்ஸஃபோன் வாசித்துவிட்டுப் போகிறார். ஆசிரியர் குழுவில் எல்லோருமாகத் தேடியும் வேறு காற்று வாத்தியம் அகப்படவில்லை.

நீங்கள் சொல்கிற ட்ரம்பெட் கும்பல் பின்னால் வந்தது. 1996, 97-ல் ரீல் பிக் ஃபிஷ், லெஸ் தேன் ஜேக், மைட்டி மைட்டி பாஸ்டோன்ஸ் எல்லோரும் வானொலியைப் பிடித்துக்கொண்ட காலம் அது. பாஸ்டோன்ஸ் மூத்தவர்கள், பாஸ்டன்காரர்கள், மரியாதைக்குரியவர்கள். அவர்களைப் பார்த்துக் கிளம்பியவர்களைப் பற்றி எனக்கு மரியாதை குறைவு.

பித்தளை ஊதுவாத்தியங்களைச் சேர்ப்பது சும்மா இல்லை. நாலு பேர் குழுவில் ட்ரம்பெட், ட்ராம்போன், சாக்ஸ் சேர்த்தால் ஏழு பேர். வாசல் வசூல் 140 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 35 கிடைத்த இடத்தில் 20 கிடைக்கும். பெட்ரோல் போக மிச்சத்தில் ஏழு பேர் சாப்பிட வேண்டும். ஊதுகிறவர்களுக்குப் பசி அதிகம். அடுத்தது சுருதி. கிட்டார்காரர்களுக்கு ஈ, ஏ இந்த இரண்டும்தான் சொர்க்கம். ட்ரம்பெட் பி ஃப்ளாட் வாத்தியம், தாளில் ‘சி’ என்று இருந்தால் பி ஃப்ளாட்தான் ஒலிக்கும். கிட்டார் ‘ஈ மேஜர்’ என்றால் ட்ரம்பெட்காரர் ஆறு ஷார்ப்போடு எஃப் ஷார்ப் மேஜரில் விரல் ஒடிக்க வேண்டும். அதையும் கற்றுக்கொண்டுவிட்டார் என்றே வைப்போம். அரங்கில் முந்நூறு பேர் குதிக்கிறார்கள், புழுக்கம். சூட்டில் கிட்டார் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும். அதே சூட்டில் ட்ரம்பெட்டுக்குள் இருக்கும் காற்றில் ஒலி வேகமாக ஓடுவதால் அதன் சுருதி ஏறும். பத்து டிகிரி கூடினால் ஏறக்குறைய 30 சென்ட், அதாவது அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒன்று கீழே, ஒன்று மேலே, நடுவில் பாடகர். ட்ராம்போன்காரர் கையை முழுக்க நீட்டினால் முதல் வரிசையில் ஒருவர் மூக்கு போகும். முதல் வரிசை மேடையில் ஏறினால் ஊதுகுழல் உதட்டில் இடித்து இவர் பல் போகும். ஆபரேஷன் ஐவி தன் ஒரே தேசியச் சுற்றுப்பயணத்தை 1988-ல் ஒரு பழைய கிரைஸ்லர் காரில் போய்வந்தது. அதில் ட்ராம்போன் பெட்டியை எங்கே வைப்பது?

அப்படியானால் ஸ்கா எங்கே இருக்கிறது? கிட்டார்காரரின் வலது கையில். ‘ஒண்ணும் ரெண்டும் மூணும் நாலும்’ என்று வாய்விட்டு எண்ணுங்கள். எண்ணில் கால் தட்டுங்கள், ‘ம்’மில் கிட்டாரை அடியுங்கள். மேல்நோக்கிய வீச்சு, மெல்லிய கம்பிகள் மூன்று நான்கு மட்டும். அடித்த கணமே இடது கையின் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். விரலைக் கம்பியிலிருந்து எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் திறந்த கம்பிகள் கிணுகிணுக்கும். அதனால்தான் சில கம்பிகளைத் திறந்துவிட்டுப் பிடிக்கிற கார்டுகள் (ஸ்வரக்கூட்டுகள்) இங்கே ஆகாது, ஒரு விரலை எல்லாக் கம்பிக்கும் குறுக்கே வைத்துப் பிடிக்கிற பாரே கார்டுகள்தான். பங்க் பகுதி வந்ததும் அதே கை கீழ்நோக்கிய வீச்சுக்கு மாறி, எண்ணிலும் ‘ம்’மிலும், ஒரு சுற்றுக்கு எட்டு அடி, தடித்த கம்பிகளோடு சேர்த்து அடிக்கும்.

புதுக் குழுக்கள் கவிழ்கிற இடம் இந்த மாற்றம்தான். கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைக் குறைக்காமலே ஸ்கா பகுதிக்குள் போவார்கள். டிஸ்டார்ஷன் ஒலியை அமுக்கி இழுத்து நீட்டும். இரண்டு அடிக்கு நடுவே இருக்க வேண்டிய மௌனம் காணாமல் போகும். மௌனம் போனால் ஸ்கா இல்லை, களி. அதை அணைக்கும் பெடலை மிதிக்க நேரமில்லையென்றால் கிட்டாரின் வால்யூம் குமிழைப் பத்திலிருந்து ஐந்து, ஆறுக்குத் திருப்பினாலே போதும், பாதி தெளியும். இன்னொரு விபத்து: வேகமான பகுதிக்குப் போன டிரம்மர் திரும்பி வரும்போது இறங்கி வரமாட்டார். கிட்டார்காரருக்கு மூச்சு முட்டும், ‘ம்’மில் விழ வேண்டிய அடி எண்ணில் விழும், பாட்டு பள்ளிக்கூட அணிவகுப்பாகிவிடும். ‘எனர்ஜி’யின் இரண்டாவது பாட்டு ‘சவுண்ட் சிஸ்டம்’. சரணம் ஸ்கா, பல்லவி பங்க். தாண்டுகிற இடத்தில் ஒரு தடுமாற்றம் இருக்கிறதா, பாருங்கள்.

தடுமாறாததற்குக் காரணம் பேஸ்காரர் மாட் ஃப்ரீமன். இங்கே என் பழைய சண்டையைத் தொடர அனுமதியுங்கள். மொபைல் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டுவிட்டு ‘பேஸ் என்ன வாசித்தார்?’ என்று எழுதுகிற கட்சியோடு எனக்கு உறவு கிடையாது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். உங்கள் கைபேசி 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. ஃப்ரீமனின் பேஸ் மூலஸ்வரத்தில் உட்கார்ந்து டுக்குடுக்கு என்று கிட்டாரைப் பின்தொடர்வதில்லை. கிட்டார் ‘ம்’மில் வெட்டும்போது எண்கள் விழும் இடத்தையெல்லாம் அவர் ஸ்வரம் ஸ்வரமாக நடந்தே நிரப்புகிறார். அதைக் கேட்காதவர்களுக்கு இந்தக் குழு வெறும் கூச்சல்தான். நூறு ரூபாய் ஹெட்போனாவது வாங்குங்கள், பிறகு சண்டைக்கு வாருங்கள்.

சரி, இரண்டு வருடக் கணக்கு. 1987 மே மாதம் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஆரம்பம். ஜெஸ்ஸி மைக்கேல்ஸ் பாட்டு, டிம் ஆம்ஸ்ட்ராங் கிட்டார், ஃப்ரீமன் பேஸ், டேவ் மெல்லோ டிரம்ஸ். களம் 924 கில்மன் தெரு. 1986 கடைசி நாளில் திறந்த அரங்கம். மது கூடாது, போதைப்பொருள் கூடாது, அடிதடி கூடாது, இனவெறி கூடாது என்று சுவரில் எழுதிவைத்துத் தொண்டர்களே நடத்திய இடம். 1988-ல் லுக்அவுட் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ‘ஹெக்டிக்’ என்ற ஆறு பாட்டுத் தட்டு. பிறகு ‘எனர்ஜி’. 1989 மே 28 அன்று கில்மனில் கடைசிக் கச்சேரி. அந்த மேடையில் பின்னால் உலகப் புகழ் பெற்ற இன்னொரு சின்னக் குழுவும் இருந்தது, அப்போதுதான் ‘கிரீன் டே’ என்று பெயர் மாற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் வராமல் யாரும் கலையவில்லை. கூட்டம் பெருகியதுதான் பாடகருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முப்பது வருடம் ஒரே பாட்டைப் பாடி ஒப்பேற்றுவதைச் சாதனை என்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, விடுங்கள்.

ஆம்ஸ்ட்ராங்கும் ஃப்ரீமனும் 1991-ல் ‘ரான்சிட்’ தொடங்கினார்கள். (கிரீன் டேயின் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் டிம் ஆம்ஸ்ட்ராங்குக்குத் தம்பியா என்று அடுத்த இதழுக்கு யாரும் எழுத வேண்டாம். உறவே இல்லை. ட்ரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கும் தாத்தா இல்லை.) லார்ஸ் ஃப்ரெடரிக்ஸன் 1993-ல் இரண்டாவது கிட்டாராகச் சேர்ந்தார். 1995 ஆகஸ்டில் வந்த மூன்றாவது ஆல்பத்துக்கு முன் பெரிய கம்பெனிகள் வரிசையில் நின்றன. மடோனாவின் மேவரிக்கும் அதில் உண்டு. இவர்கள் எபிடாஃப் என்ற சுயேச்சைக் கம்பெனியிலேயே இருந்துவிட்டார்கள். அந்த ஆல்பம் 2004-க்குள் அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதியைத் தொட்டு பிளாட்டினம் ஆனது. அதன் முதல் பாட்டு ‘மேக்ஸ்வெல் மர்டர்’ ஒன்றரை நிமிடம்கூட இல்லை, அதற்குள் ஃப்ரீமன் ஒரு பேஸ் தனி ஆவர்த்தனமே செய்துவிடுகிறார். அதே ஆல்பத்தின் ‘டைம் பாம்’ சுத்தமான ஸ்கா. அங்கும் பித்தளை இல்லை, ஹாம்மண்ட் ஆர்கன்தான். 1998 ஆல்பத்தின் ஒரு பகுதியை ஜமைக்காவின் கிங்ஸ்டனுக்கே போய்ப் பதிவு செய்தார்கள். அந்த ஊர்ப் பாடகர் புஜு பான்டன் கூடப் பாடினார். ஸ்கா பிறந்த தீவுக்குக் கலிஃபோர்னியாக்காரர்கள் போய்ச்சேர பத்து வருடம் ஆயிற்று.

கடை மூடிய விஷயம் கேட்டீர்கள். மூடியது லுக்அவுட். ராயல்டி பாக்கி பிரச்சினையில் ஆபரேஷன் ஐவி 2006-ல் தன் ஆல்பத்தை அங்கிருந்து எடுத்துக்கொண்டது. 2007-ல் டிம் ஆம்ஸ்ட்ராங்கின் ஹெல்கேட் லேபிள் மறுபடி வெளியிட்டது. படைத்தவனுக்குக் காசு தராத பதிப்பாளர் எந்த ஊரில் இருந்தாலும் இந்தப் பக்கத்தில் அவருக்குத் திட்டு உண்டு. லுக்அவுட் 2012-ல் இழுத்து மூடப்பட்டது.

பெயரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் விடப்போவதில்லை. ஆபரேஷன் ஐவி என்பது 1952-ல் அமெரிக்கா பசிபிக்கின் எனிவெடாக் பவளத்தீவில் நடத்திய அணுகுண்டுச் சோதனை வரிசை. நவம்பர் 1 அன்று வெடித்த ‘மைக்’தான் முதல் முழு ஹைட்ரஜன் குண்டு, 10.4 மெகாடன். எலுகெலாப் என்ற குட்டித் தீவு அதோடு வரைபடத்திலிருந்தே போய்விட்டது. குண்டின் முக்கியச் சிற்பிகளில் ஒருவரான எட்வர்ட் டெல்லர் அங்கே போகவில்லை. பெர்க்லியில் ஒரு நிலநடுக்கமானியின் முன் உட்கார்ந்து ஒளிப்புள்ளி நடுங்குவதைப் பார்த்து வெற்றி என்று தெரிந்துகொண்டார். வெடித்த தூசியை வடிகட்டித் தாளில் பிடித்து ஆராய்ந்தபோது இரண்டு புதுத் தனிமங்கள் அகப்பட்டன: அணு எண் 99, 100. அவற்றைப் பிரித்தெடுத்ததிலும் பெர்க்லி ஆய்வகத்துக்குத்தான் பெரும் பங்கு. 1955 வரை வெளியே சொல்லாமல் வைத்திருந்து, பிறகு ஐன்ஸ்டைனியம், ஃபெர்மியம் என்ற பெயர்களை அறிவித்தார்கள். இரண்டு பெரியவர்களும் அதற்குள் காலமாகிவிட்டார்கள்.