முன்பணத்துக்குப் பெர்சனல் லோன் வேண்டாம்

கேள்வி: கைக்கு வரும் சம்பளம் 95,000 ரூபாய். வாடகை 18,000, வீட்டுச் செலவு 40,000. சென்னை ஓ.எம்.ஆர். தாழம்பூரில் கட்டிக்கொண்டிருக்கும் 70 லட்சம் ரூபாய் ஃபிளாட் பிடித்திருக்கிறது. டெபாசிட் 7 லட்சம் உண்டு. வீட்டுக்கடன் போக மீதிக்கு 12 லட்சம் பெர்சனல் லோன், நகையை வைத்து 4 லட்சம் என்று திட்டம். வீட்டுக்கடன் ஒப்புதல் வந்தபிறகு பெர்சனல் லோன் போட்டால் வங்கி கண்டுகொள்ளாது என்கிறார் புரோக்கர். மைத்துனர் தொழிலுக்காக என் பெயரில் எடுத்த லோனுக்கு மாதம் 11,400 கட்டுகிறேன், பாக்கி 3.2 லட்சம். மெட்ரோ வந்தால் விலை எட்டாது என்று மாமனார் அவசரப்படுத்துகிறார். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். தாழம்பூரில் எனக்குக் குறை தெரியவில்லை. பணம் இல்லாத இடத்தையெல்லாம் பெர்சனல் லோனால் அடைக்கிறீர்களே, அதுதான் பிரச்சினை. முன்பு மைத்துனருக்கு, இப்போது முன்பணத்துக்கு.

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடன், வீட்டு மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்களுக்கு 56 லட்சம் கிடைக்கும். மீதி 14 லட்சம், முத்திரைத்தீர்வையும் பதிவும் 7 சதவீதம், ஜிஎஸ்டி 5 சதவீதம்: ஆக 22.4 லட்சம் நீங்கள் போட வேண்டும். மரவேலைச் செலவு தனி. வாங்குபவரின் சொந்தச் சேமிப்பும் வீட்டில் இருக்கட்டும் என்றுதான் அந்த விதியே. புரோக்கர் சொல்லும் வழியில் வங்கி ஏமாறலாம், தவணை கட்டப்போவது நீங்கள்.

எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் 56 லட்சத்துக்குத் தவணை சுமார் 48,600. பெர்சனல் லோன் 13 சதவீதத்தில் ஐந்து வருடத்துக்கு 27,300. மைத்துனர் லோன் 11,400. நகைக்கடன் வட்டி 3,000. மொத்தம் 90,300! மிச்சம் 4,700 ரூபாயில் குடும்பம் நடக்குமா? கட்டி முடியும்வரை வங்கி விடுவித்த தொகைக்கு வட்டி மட்டும் கட்டலாம் என்பதால் ஆரம்பத்தில் நெருக்கடி முழுசாகத் தெரியாது. ஆனால் அப்போது வாடகையும் கூடவே போகும்.

'சாவி வாங்கும்வரை தவணையே இல்லை, வட்டியை பில்டர் கட்டுவார்' என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். பில்டர் வட்டி கட்டுவதை நிறுத்தினால் கடன்காரர் நீங்கள்தான். இத்தகைய கடன்களைத் தவிர்க்கும்படி தேசிய வீட்டுவசதி வங்கி 2019-லேயே வீட்டுக்கடன் நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டது.

மாதவரம்–சிறுசேரி மெட்ரோ ஊரறிந்த விஷயம். பில்டர் அதையும் சேர்த்துத்தான் விலை சொல்கிறார். அந்த ஃபிளாட்டுக்கு மாதம் 20,000 வாடகை வந்தாலும் 70 லட்சத்துக்கு வருடம் மூன்றரை சதவீதம்கூட இல்லை. மாமனாரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

டெபாசிட்டை உடைத்து மைத்துனர் லோனை முடியுங்கள். முன்கூட்டி முடிக்கக் கட்டணம் எவ்வளவு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மீதியை அவசரத்துக்கு விட்டுவிட்டு, மாதம் 36,000 ரூபாய் ஆர்.டி. போடுங்கள். மூன்று வருடத்தில் வட்டியோடு 14 லட்சம் சேரும். அப்புறம் கட்டி முடித்த, 48 லட்சத்துக்குள் வரும் மறுவிற்பனை வீடு பாருங்கள். அதற்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் முத்திரைத்தீர்வையும் பதிவும், புது ஃபிளாட்டுக்குச் சொன்ன 7 அல்ல, 9 சதவீதம். கடன் 38.4 லட்சம், தவணை 33,300. வாடகை நின்றுவிடுவதால் இது தாங்கும்.

மைத்துனர் மறுபடி கேட்பார். உங்கள் மனைவியிடம் இன்றே பேசிவிடுங்கள். 'இனி கையெழுத்து இல்லை' என்பதை அவரே தன் உடன்பிறந்தவரிடம் சொன்னால் மனவருத்தம் குறையும்.