நூருதீன் நைபத் யார்? மொராக்கோவில் ஏன் இவ்வளவு புகழ்?

கால்பந்தில் சென்டர் பேக் என்றால் கோல்கீப்பருக்கு முன்னால் நின்று எதிரணி ஸ்ட்ரைக்கரை மறிப்பவர். விக்கெட் கீப்பர் வேலை மாதிரிதான். பந்தைக் கோட்டைவிட்டால்தான் பெயர் அடிபடும். அந்த இடத்தில் ஆடியும் நட்சத்திரமானவர் காசாபிளாங்காக்காரர் நைபத்.

மொராக்கோவின் விதாத், பிரான்சின் நான்ட், போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் அணிகள் வழியாக 1996-ல் ஸ்பெயினின் டிபோர்ட்டிவோ அணிக்குப் போனார். எட்டு சீசன்கள். பார்சிலோனாவையும் ரியல் மாட்ரிட்டையும் தாண்டி அந்தத் துறைமுக நகர அணி 1999-2000 ஸ்பெயின் லீக்கை வென்றது, அதுவும் முதல்முறையாக! மொராக்கோவுக்காகவும் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள், 1994, 1998 உலகக் கோப்பைகள், 2004-ல் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதிப் போட்டி. பிறகு இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் அணி.

2022 உலகக் கோப்பையில் மொராக்கோ அரையிறுதிக்குப் போன பிறகுதான் அந்நாட்டுத் தடுப்பாட்டக்காரர்களை ஐரோப்பா கண்டுகொண்டது என்று பலர் நினைக்கிறார்கள். நைபத் ஸ்பெயின் சாம்பியன் ஆனபோது அந்த 2022 அணியின் தடுப்பாட்டக்காரர் ஹக்கிமிக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை.