கேள்வி-பதில்: டான்யூப் கரையில் எதற்கு சைக்கிள்?

கேள்வி: ஆஸ்திரியாவில் மெல்க் நகரத்து மடாலயத்தை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு, சுற்றுலாக் குழுவோடு பஸ்ஸில் வியன்னா போய்விடுவதாகத் திட்டம். என் மகனோ, அங்கிருந்து டான்யூப் கரையோரமாக கிரெம்ஸ் வரை சைக்கிளில் போகலாம் என்று அடம்பிடிக்கிறான். எனக்கு 58 வயது. ஐரோப்பாவில் எங்கு திரும்பினாலும் தேவாலயம்தானே? ஆற்றையும் கப்பலில் இருந்தே பார்த்துவிடலாம். வீண் அலைச்சல் எதற்கு?
- வாசகர் ஒருவர், சேலம்

பதில்: வீண் அலைச்சல் உங்கள் திட்டத்தில்தான் இருக்கிறது. ஒரு மணி நேரம் படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவதற்கு அவ்வளவு தூரம் போவானேன்?

மெல்க் ‘இன்னொரு தேவாலயம்’ அல்ல. 1089 முதல் ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் துறவிகள் அங்கே வாழ்ந்து வருகிறார்கள். இன்றும் பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் இரண்டாம் யோசேப்பு நூற்றுக்கணக்கான மடங்களை இழுத்து மூடியபோதும் இது தப்பியது. பாறை மேல் நிற்கும் இப்போதைய மாளிகை, 1702இல் யாக்கோப் பிராண்ட்டவர் என்ற கட்டடக் கலைஞர் தொடங்கியது. சுமார் ஒரு லட்சம் நூல்கள் கொண்ட நூலகத்தில் நிமிர்ந்து பால் டிரோகரின் கூரை ஓவியத்தைப் பாருங்கள். அதற்கே அரை மணி நேரம் போதாது.

கோயிலுக்குள் புனித கோலமானின் கல்லறைப் பீடம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். ஜெருசலேமுக்கு யாத்திரை புறப்பட்ட அயர்லாந்துக்காரர் அவர் என்பது மரபு. 1012இல், வியன்னாவுக்கு அருகே ஸ்டாக்கராவ் என்ற ஊரில், அவர் பேசிய மொழி யாருக்கும் புரியாததால் ஒற்றன் என்று சந்தேகித்துத் தூக்கில் போட்டுவிட்டார்கள். பிறகு அதே மக்கள் அவரைப் புனிதராக வணங்கினார்கள். உடலை மெல்க்கிற்குக் கொண்டுவந்தார்கள். ஊர் மொழி தெரியாமல் வழி நடந்த ஒரு மனிதனின் கதை, சுற்றுலாப் பயணியான உங்களைத் தொடாமல் போகாது.

கப்பலில் அதே காட்சிதானே என்கிறீர்கள். அல்லவே அல்ல. கப்பல் நடு ஆற்றில் போகும்; நீங்கள் நினைத்த இடத்தில் நிற்காது. வில்லன்டார்ஃப் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1908இல் அங்கே நடந்த அகழாய்வில், 11 சென்டிமீட்டர் உயரமே உள்ள ஒரு பெண் சிலை கிடைத்தது. சுண்ணாம்புக் கல்லில் செதுக்கியது. வயது 25 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல். அசல் சிலை வியன்னா அருங்காட்சியகத்தில் இருந்தாலும், அது கிடைத்த மண்ணில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சற்று நேரம் நிற்கலாம். கரையோர ஊர்களில் வெள்ளம் ஏறிய உயரத்தை வீட்டுச் சுவர்களில் ஆண்டோடு குறித்து வைத்திருக்கிறார்கள். சில கோடுகள் உங்கள் தலைக்கு மேலே இருக்கும். கப்பலின் மேல்தளத்திலிருந்து இதைப் படிக்க முடியாது.

ஸ்பிட்ஸ் ஊரில் அவசியம் படகுத்துறையில் இறங்குங்கள். அக்கரைக்குப் போகும் அந்தப் படகை இயந்திரம் இழுப்பதில்லை. ஆற்றின் குறுக்கே மேலே கம்பிவடம் கட்டியிருக்கிறது. படகு அதில் பிணைந்திருக்கும். படகைச் சற்றே சாய்வாகத் திருப்பினால், ஓடும் நீரே அதை அக்கரைக்குத் தள்ளிவிடும். சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். நீரோட்டம் இருப்பதால்தான் இது நடக்கிறது. ஆஸ்திரியாவில் டான்யூப் பெரும்பாலும் அணைகளுக்குள் அடைபட்டுவிட்டது. தடையின்றி ஓடுவது வாகாவ் என்ற இந்தப் பள்ளத்தாக்கிலும், வியன்னாவுக்குக் கிழக்கேயும்தான். இங்கும் மின்நிலையம் கட்ட முனைந்தார்கள். ஊர் மக்கள் எதிர்த்து நின்று தடுத்தார்கள். 2000இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற அழகு, அவர்கள் போராடிக் காத்தது. அந்த நீரின் வேகத்தை உடம்பால் உணர வேண்டாமா?

சிலுவைப் போரிலிருந்து திரும்பிய இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை 1192இல் பிடித்து அடைத்து வைத்த டியூர்ன்ஸ்டைன் கோட்டையும் வழியில்தான் வருகிறது. மேலே ஏறுவது செங்குத்து. மூட்டுவலி இருந்தால் கீழிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள்.

வயதைச் சாக்குச் சொல்ல வேண்டாம். மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் 40 கிலோமீட்டருக்குள்தான். ஆறு போகும் திசையில் போவதால் ஏற்றம் மிகக் குறைவு. காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து, முதுகுப் பக்கமாக வீசும். அப்படியும் பயமாக இருந்தால் பேட்டரி சைக்கிள் வாடகைக்கு எடுங்கள். ஜூலையில் போனால் ஆப்ரிகாட் பழம் விளையும் காலம். கிடைக்கும் இடத்தில் வாங்கிச் சாப்பிடுங்கள். கிரெம்ஸில் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று மட்டும் வாடகைக்கு எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து வியன்னாவுக்கு ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பெட்டிகள் பஸ்ஸிலேயே போகட்டும். உங்கள் இருவருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்று குழுத் தலைவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.