உப்புவெளியில் ஜாஸ் – கடிதம்

அன்புள்ள அக்கா,

உப்புவெளிக் கடற்கரை விடுதியில் ஜாஸ் வாசிக்கிறார்கள், கட்டாயம் போய்க் கேளுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்பி போன சனிக்கிழமை போனேன். உண்மையைச் சொன்னால் ஒன்றும் பிடிபடவில்லை. பாடகர் இல்லை. ஒரு மெட்டுத் தொடங்கும், பிறகு அது எங்கே போனது என்றே தெரியாது. நடுவில் திடீரென்று எல்லோரும் கை தட்டுகிறார்கள். ஏன் என்று விளங்காமல் நானும் தட்டினேன். ஒரு பாட்டுக்குக் காலால் தாளம் போடப் பார்த்தேன், தப்பிக்கொண்டே இருந்தது. இது வெள்ளைக்காரருக்கும் கொழும்பு ஆட்களுக்கும் உள்ள இசையா? நான் கோயில் திருவிழாவில் மேளம் கேட்டு வளர்ந்தவன். இதை எப்படிக் கேட்பது?

ஒரு வாசகன்,
தம்பலகாமம்

அன்புள்ள தம்பி,

நான் சொன்னேன் என்பதற்காகத் தம்பலகாமத்தில் இருந்து இரவு வெளிக்கிட்டு வந்திருக்கிறீர்கள். அதற்கே உங்களுக்கு ஒழுங்கான பதில் எழுத வேண்டும். மேளம் கேட்டு வளர்ந்தவன் என்கிறீர்களே, அப்படியென்றால் பாதி வழி வந்துவிட்டீர்கள்.

ஆதிகோணநாயகர் கோயில் திருவிழா இரவு ஒன்றை நினைத்துப் பாருங்கள். நாதஸ்வரக்காரர் கீர்த்தனையை எடுப்பார். கொஞ்ச நேரம் அதிலேயே நிற்பார். பிறகு அதை விட்டு எங்கெங்கோ போவார், சுரம் வாசிப்பார். அப்புறம் தவிலுக்கு விட்டுவிட்டு, நாதஸ்வரத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு கையால் தாளம் போடுவார். தவில் இரண்டும் மாறி மாறிப் பேசும். கடைசியில் தீர்மானம் என்ற முடிப்பு அடியை வைத்து எல்லோரும் ஒன்றாகப் பல்லவியில் வந்து இறங்கும்போது, சுற்றி நிற்கிற சனம் முழுவதும் தலையை ஆட்டும். அந்த இறங்கும் இடத்தை உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நின்று கேட்டே பழகினீர்கள்.

சனிக்கிழமை நானும் அங்கே இருந்தேன். அன்று நடந்ததும் ஏறக்குறைய அந்த ஒழுங்குதான். முதலில் எல்லோருமாக மெட்டை ஒரு தரம் வாசிப்பார்கள். பிறகு சாக்சபோன் தனியாகப் போகும், அடுத்து பியானோ, அடுத்து பேஸ் என்கிற தடித்த நரம்பு வாத்தியம், சில வேளை ட்ரம்ஸ். ஒவ்வொருவரும் தன் தனியை முடிக்கும்போது சனம் கை தட்டுகிறது. நீங்கள் விளங்காமல் தட்டிய தட்டு சரியான இடத்தில் விழுந்த தட்டுத்தான். எல்லோரும் முடித்த பிறகு மெட்டு திரும்ப வரும்.

ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். நம் கச்சேரியில் சுருதி அசையாமல் நிற்கும். ஒத்து ஊதுகிறவர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஜாஸில் அடியில் இருக்கிற தரையே நகரும். பியானோவும் பேஸும் சேர்ந்து சுரக்கூட்டுகளை, அதாவது ஒன்றாக ஒலிக்கிற சில சுரங்களை, மாற்றிக்கொண்டே போகும், தனி வாசிக்கிறவர் அந்த மாற்றத்தின் மேல் கால் வைத்து நடக்க வேண்டும். அன்று மூன்றாவதாக வாசித்த, புளூஸ் என்ற வகைப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வட்டத்தில் பன்னிரண்டு பகுதி, ஒவ்வொன்றிலும் நாலு அட்சரம், மொத்தம் 48 அட்சரம். அது முடிந்ததும் திரும்பவும் முதலில் இருந்து. யார் வாசித்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மெட்டு எங்கே போனது என்று கேட்டீர்கள். அது அந்த வட்டத்துக்குள் கிடந்தது தம்பி. அடுத்த முறை சாக்சபோனை விட்டுவிட்டுப் பேஸை மட்டும் கேட்டுப் பாருங்கள், வட்டம் பிடிபடும்.

காலுக்குத் தப்பிய பாட்டு ‘டேக் ஃபைவ்’. நாலாக எண்ணினால் தப்பத்தான் செய்யும், அது ஐந்து. நம் கண்டசாபுத் தாளம் ‘தக தகிட’ என்று போகும். இது திருப்பிப் போட்டது: ‘தகிட தக’. பியானோ அதை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டால் போதும். இதை எழுதியவர் பால் டெஸ்மண்ட், டேவ் புரூபெக்கின் குழுவில் சாக்சபோன் வாசித்தவர். 1959இல் பதிவு செய்தார்கள். அதற்கு முந்தைய வருடம் அந்தக் குழு துருக்கி, இந்தியா என்று சுற்றி இலங்கைக்கும் வந்து போனது. அந்தப் பயணத்தில் காதில் விழுந்த தாளங்கள்தான் வழக்கமான நாலை விட்டு வேறு கணக்கில் ஒரு முழு இசைத்தட்டே செய்யலாம் என்று புரூபெக்குக்குத் தோன்ற வைத்தன. 1963இல் இன்னொரு பெரிய ஜாஸ்காரரான டியூக் எலிங்டனும் தன் பெரிய குழுவோடு இலங்கைக்கு வந்தார்.

வெள்ளைக்காரர் இசையா என்ற கேள்விக்கு என் பதில் இல்லை என்பதுதான். அழுத்தியே சொல்கிறேன். இது அமெரிக்காவில் கறுப்பு மக்கள் பெற்ற பிள்ளை. அங்கே உள்ள நியூ ஓர்லியன்ஸ் நம் திருகோணமலையைப் போல ஒரு துறைமுகம். அங்கே அடிமைகளாக இருந்த சனம் ஞாயிற்றுக்கிழமைகளில் கொங்கோ சதுக்கம் என்ற வெளியில் கூடித் தங்கள் பறைகளை அடித்து ஆடினார்கள். ஒரு கிழமையில் அவர்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு நாள்தான். அந்த ஊரில்தான் பிறகு ஜாஸ் பிறந்தது. ட்ரம்பெட் வாசித்துப் பெயர் பெற்ற லூயி ஆம்ஸ்ட்ரோங் 1901இல் பிறந்ததும் அங்கேதான், அதுவும் வறுமையில். என் அப்பப்பா டொக்யாட்டில், அதாவது இங்குள்ள கடற்படைக் கப்பல் துறையில், வேலை செய்தவர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் கடற்படைக்காரருக்கு உள்ளே பாண்ட் வாசிக்கும்போது மதிலுக்கு வெளியே நின்று கேட்டதைச் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். மதிலுக்கு வெளியே நின்ற மனிதருடைய பேத்தி இன்றைக்கு மேடைக்கு முன்னால் கதிரையில் இருந்து கேட்கிறாள். எனக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அன்றிரவு நான் ட்ரம்ஸ்காரருக்குப் பக்கத்தில் இருந்தேன். மெதுவான பாட்டுக்கு அவர் குச்சியை வைத்துவிட்டுக் கம்பித் துடைப்பம் மாதிரி ஒன்றை இரண்டு கையிலும் எடுத்தார். அதால் அடிக்கவில்லை, தோலின் மேல் வட்டமாகத் தேய்த்தார். அம்மா சுளகில் அரிசி புடைக்கிற ஓசை, அப்படியே. பின்னால் கடல். சாக்சபோன்காரர் தன் முறை முடிந்ததும் ஓரமாகப் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்ட விதத்தைப் பார்த்துத்தான் நானும் கேட்கக் கற்றுக்கொண்டேன். பின் மேசைகளில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் எதை இழந்தார்கள் என்று நினைக்க எனக்கு உண்மையில் கவலையாக இருந்தது. அன்று வாசித்தது அன்றைக்கு மட்டும்தான். அதே ஆட்கள் அதே பாட்டை நாளைக்கு வாசித்தாலும் அது வேறு.

எங்கள் அயலில் இருக்கிற தவில் வாசிக்கிற அண்ணரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். இரண்டு மணித்தியாலமும் வாய் திறக்கவில்லை, தொடையில் விரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்து வெளியே வந்ததும் பேஸ் வாசித்த பிள்ளையைப் பற்றித்தான் கேட்டார். “அந்தத் தடிச்ச நரம்பை வெறும் விரலாலயே இழுக்குது. எங்களை மாதிரி விரலுக்குக் கூடு போடேல்லையே. விரல் என்னத்துக்கு ஆகும் தங்கச்சி?”

திரும்பப் போய்ப் பிள்ளையின் கையை வாங்கி விரல் நுனியைத் தடவிப் பார்த்தார். காய்ப்பு ஏறிக் கல்லு மாதிரி இருந்ததாம். “சரி, இவன் சாதகம் பண்ணுறவன்” என்றார்.

அடுத்த முறை வாசிக்கிறபோது முதலே எழுதுகிறேன். அவரும் வருவார். நேரத்துக்கு வந்தால் பேஸ் தெரிகிற பக்கமாக மூன்று பேருக்கும் இடம் பிடிக்கலாம்.

அன்புடன்,
அக்கா